ஒரே வாய், வேறு வயிறு

திரைகள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போன காலத்தில், மதலைமுத்து என்ற வீடியோக்காரரின் தகரப்பெட்டிக்குள் சில வயர்கள் குடியிருந்தன. அவற்றுக்கெல்லாம் மூத்தவன் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன் கருப்பன் என்ற, டிவிக்குப் படமும் சத்தமும் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வயர். ராசியான வயர் என்று மதலைமுத்து அவன் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

பெட்டியின் அடியில் மூணுவால் என்ற பழைய காலத்து டிவி வயர் கிடந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நுனிகள். சிவப்பும் வெள்ளையும் சத்தம் சுமந்த வால்கள், ஓயாமல் பேசும். மஞ்சள் படம் சுமந்தது. பேச்சு கிடையாது, பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் பெட்டிக்குள் ஒரு புது வயர் வந்து விழுந்தான். நீலத் துணி பின்னிய உடம்பு, பேர் நீலன்.

"வாங்க மாப்பிள்ளை," என்றது சிவப்பு. "ஏய் கருப்பா, எழுந்து இடம் கொடு. எங்களைத் தள்ளிட்டு நீ பிடிச்ச இடம்தானே அது?"

"வாய் பொருந்தலைன்னு எங்களை ஒரே நாள்ல அடியில போட்டாங்க," என்றது வெள்ளை. "அப்போ இவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

கருப்பன் புதியவனை மேலும் கீழும் பார்த்தான். தன் வாய் மாதிரியே வாய். அதே பல்வரிசை. 'சட்டைதான் புதுசு. இதுக்கா இவ்வளவு பவுசு?' என்று முறைத்துக்கொண்டான்.

ஆனாலும் உள்ளே அரித்தது. வயிற்றுக்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறான்? கேட்டுவிடலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. கருப்பன் லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. எப்போதோ தன்னை மிதித்த கேமராக்காரரின் செருப்பைக்கூட இன்னும் ஞாபகம் வைத்திருப்பவன்.

"அண்ணே, ஏதோ கேக்க வந்தீங்க போல?" என்றான் நீலன்.

"உன்கிட்டயா? வேலையைப் பாரு."

அடுத்த முகூர்த்தத்துக்குப் பெட்டி வேனில் ஏறியது. மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் புத்தம்புதுப் பெரிய திரை. பந்திக் கூடத்தில் ஒரு பழைய டிவி. சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் தாலி கட்டுவதைப் பார்க்கட்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். மதலைமுத்து வழக்கம்போல நூலைப் பார்த்துக் கருப்பனைப் பெரிய திரைக்கு எடுத்தார். நீலன் பந்திக்குப் போனான்.

கேமராப் படங்களைச் சேர்த்து அனுப்பும் மிக்சர், கருப்பனிடம் கேட்டது. "புதுத் திரை, படம் நாலு மடங்கு கனம். எவ்வளவு தூக்குவே?"

பந்திப் பக்கம் போன நீலனை நினைத்தான் கருப்பன். "என்னைக் கேள்வி கேட்கிறியா? இருக்கிறதை எல்லாம் போடு!"

மிக்சர் போட்டது. திரையில் வெள்ளைப் பொறிகள் பறந்தன. கருத்தது. வந்தது. மறுபடி கருத்தது.

மதலைமுத்துவின் மனைவி பிலோமினா ஓடிவந்தாள். "ஏங்க, மாலை மாத்தப் போறாங்க. திரை என்ன கண்ணடிச்சுக்கிட்டு நிக்குது?"

"நம்ம ராசியான வயரும்மா இது!"

"ராசியைக் கொண்டுபோய் பந்தியில வைங்க. பொண்ணோட அப்பா நம்மளையே பார்க்கிறாரு, பார்த்தீங்களா?"

மதலைமுத்து கருப்பனைப் பிடுங்கினார். "அங்கேயும் சொதப்பினேன்னு வையி, உன்னை வெட்டி, துணி காயப்போடக் கொடியாக் கட்டிடுவேன்."

பந்திக்குப் போய் நீலனையும் கழற்றினார். ஒரு நிமிஷம் இரண்டு பேரும் அவர் கையில் சேர்ந்து தொங்கினார்கள்.

"அந்தக் கிழட்டு டிவி உனக்குப் படமே காட்டியிருக்காதே?" என்றான் கருப்பன்.

"ஜோராக் காட்டுச்சுண்ணே."

"எப்படி? அதுக்கு உன் பாஷை தெரியாதே!"

"அதோட பாஷை எனக்குத் தெரியுமே. போன இடத்துல முதல்ல, 'உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்'னு கேட்பேன். அது சொன்னதுக்கு மேல ஒரு சொட்டுகூட ஊத்தறதில்லை."

"அந்தப் பழைய பாஷையை உனக்கு யாரு கத்துக்கொடுத்தா?"

"நீங்கதான். நம்ம வம்சத்துல பின்னால பிறக்கிறவன் முன்னால இருந்தவன் பேச்சையும் சேர்த்துப் படிச்சிட்டு வரணும். அதுக்குத்தானே வாயை மாத்தாம வச்சிருக்கு."

அதற்குள் கருப்பன் பழைய டிவியில் செருகப்பட்டான். நீலன் பெரிய திரைக்குப் போனான். மிக்சர் மறுபடி கேட்டது. "எவ்வளவு தூக்குவே?"

கொடியாகத் தொங்குவது கண்ணுக்குள் வந்து போனது. அதைவிட, உண்மையைச் சொல்லத்தான் உடம்பெல்லாம் கூசியது.

"இந்த டிவிக்கு வேண்டியதைத் தூக்குவேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றது மிக்சர். படம் வந்தது. ஆடாமல் அசையாமல் நின்றது.

சமையல் மாஸ்டர் குப்பாண்டி கரண்டியோடு வந்து நின்றார். கெட்டிமேளம் கேட்டது. "எத்தனை கல்யாணத்துக்குச் சாம்பார் வச்சிருக்கேன்! தாலி கட்டறதை இன்னைக்குத்தான்டா பார்க்கிறேன்," என்று தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எட்டிப் பார்த்த மதலைமுத்து, "பிழைச்சே, போ," என்றார். பெட்டி கட்டும்போது கருப்பன் கழுத்து நூலை அவிழ்த்து, பெரிய திரையைக் கண்ணடிக்காமல் நிறுத்திய நீலனுக்குக் கட்டினார்.

கருப்பனுக்குக் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. பழைய அரிப்புதான் மிஞ்சியது. வேன் நகர்ந்ததும் கேட்டேவிட்டான்.

"டேய், உன் வயித்துக்குள்ள என்னதான்டா வச்சிருக்கே?"

நீலன் சந்தோஷமாகச் சொன்னான். "நம்ம வம்சத்து ஆளுங்க எல்லாரையும்தான். முதல்ல வந்தவரு படத்தையும் சத்தத்தையும் ஒரே உடம்புல சேர்த்தாரு. அடுத்தவரு நிறத்துக்கு ஆழம் கொடுத்தாரு. டிவியோட சத்தத்தை அதே வழியாத் திருப்பி ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தது உங்க காலத்துலதான்."

"நானா?"

"உங்க செட்டுதான். அதை நான் இன்னும் தெளிவாச் செய்யறேன். அப்புறம் வந்தவரு கனத்தை வேகமாத் தூக்கினாரு. படம் வரத் தாமதமானா, திரையைக் காத்திருக்கச் சொல்றது மட்டும்தான் நான் புதுசாக் கத்துக்கிட்டது."

 பெட்டியின் அடியில் சிவப்பும் வெள்ளையும் அடுத்த கேலிக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தன. மஞ்சள் எப்போதும்போலக் கருப்பனையே பார்த்துக்கொண்டிருந்தது.

கருப்பன் உடம்பை வளைத்து, மெல்லக் கீழே மூணுவாலிடம் இறங்கினான்.

"அண்ணே," என்றான். "உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?"

வாய் ஓயாத சிவப்புக்கும் வெள்ளைக்கும் அன்றுதான் பேச்சு வரவில்லை.