வண்டி ஏன் நின்றது

"வாத்தியாரே, இந்த வண்டியில கோளாறே இல்ல" என்றார் சீனிமுத்து.

பவுனுத்தாய் நிமிரவில்லை. வேறொரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்லன்னா கொடுத்தனுப்ப வேண்டியதுதானே அண்ணே."

"ரோட்டுல நின்னுருதே."

"அப்ப இருக்கு."

மலையடிவாரத்தில், பஸ் திரும்புகிற இடத்தில் இருந்தது பவுனுத்தாயின் பட்டறை. சீனிமுத்து அவளைவிட நன்றாக மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் ஒரு கண் மங்கி, இனி லாரி ஆகாது என்றானதும், வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்க்க மனமில்லாமல் இங்கே வந்து ஸ்பேனர் பிடித்தார். அன்றிலிருந்து அவள் அவருக்கு வாத்தியார்.

ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்கள் வண்டி கெட்டால் இங்கேதானே வந்தாக வேண்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கோளாறு இல்லாத அந்த வண்டி பொன்னரசனுடையது. மலைமேல் வாழைத்தோப்பில் காவலுக்கு இருக்கிறவன். பழைய நூறு சிசி பைக். அதில் ஏறாமல், மலையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கதை மலை முழுக்கத் தெரியும்.

தோப்பில் இலை அறுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி செண்பகத்தைப் பாம்பு கடித்தது. அவளைத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, இதே வண்டியில் இறங்கினான். பாதி மலையில் வண்டி விக்கி விக்கி நின்றது. பெட்ரோல் தீர்ந்த வண்டி எப்படி நிற்குமோ அப்படி. டேங்க்கிலோ பெட்ரோல் நிறைய இருந்தது. எப்படியோ கிளப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சீனிமுத்து பலமுறை நினைத்ததுண்டு.

வண்டியைச் சரி செய்து தா என்று பொன்னரசன் கேட்கவில்லை.

"ஏன் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றான்.

சொல்லிவிட்டு, வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டான். கொடுத்த டீயை வாங்கிக் கீழே வைத்தான். அது ஆறி ஆடை படிந்து கிடந்தது. நேற்றும் அப்படித்தான் வந்து உட்கார்ந்திருந்தான்.

சீனிமுத்து சும்மா இருக்கவில்லை. டேங்க்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகைக் கழற்றி, அதன் வலையைக் கழுவினார். கார்பரேட்டரை இறக்கினார். அதன் கிண்ணத்தில் ஒரு துளி அழுக்கு இல்லை. மிதவை ஒழுங்காக மிதந்தது. பெட்ரோல் பீறிடுகிற ஜெட்டை ஊதி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நல்ல கண்ணால்தான் பார்த்தார். ஓட்டை சுத்தமாக இருந்தது. மாட்டி உதைத்தால் வண்டி பட்டறை வாசலில் ராஜா மாதிரி ஓடியது.

மலைப்பக்கம் கொண்டுபோனால் நின்றது. அங்கே பார்த்துவிட்டு உதைத்தால் மறுபடி கிளம்பியது.

"பார்த்தா ஓடுது, பார்க்காட்டி நிக்குது. என்னைக் கிறுக்கனாக்குது வாத்தியாரே."

பவுனுத்தாய் செயினைக் கீழே வைத்தாள்.

"பார்த்தான்னா, முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

"டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்ப்பேன்."

"எப்பவுமா?"

"எப்பவும். மொத நாள் நீ சொல்லிக் கொடுத்ததுதானே."

அவள் டேங்க் மூடியைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"பின்னாடி ஏறுங்கண்ணே. மூடியைத் தொடாதீங்க."

பொன்னரசன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவர்கள் போகிற வழியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

பாலம் தாண்டி மேடு ஏறும்வரை வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வளைவில் விக்கியது. இன்னொரு முறை விக்கியது. பிறகு நின்றது.

சீனிமுத்து இறங்கினார். பழக்கத்தில் அவர் கை மூடிக்குப் போயிற்று.

பவுனுத்தாய் மூடிமேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"பொறுங்க."

இன்னொரு கையால் கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் டியூபைப் பிடுங்கினாள். திருகு திறந்தே இருந்தது. டியூபிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

டேங்க்கைக் குலுக்கிப் பார்த்தார் சீனிமுத்து. உள்ளே பெட்ரோல் தளும்பியது.

"நிறைய இருக்கு. கீழ வர மாட்டேங்குதே."

பவுனுத்தாய் மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்பத் திறங்க."

சாவியைப் போட்டுத் திருப்பினார். உஸ்ஸென்று சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடந்த ஆள் வெளியே வந்து காற்றை இழுக்கிற சத்தம் அது. அதே நொடி டியூபிலிருந்து பெட்ரோல் கொட்டி, பவுனுத்தாயின் காலை நனைத்தது. அவள் குனிந்து திருகை மூடினாள்.

சீனிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். கோளாறைத் தேடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, அவரே கோளாறைத் துரத்திவிட்டிருக்கிறார்.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போவதற்கு மூடியில் ஊசி நுழைகிற அளவில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டை இல்லை. குழாய் ஒழுகினால் அடைக்கிற சாம்பல் நிறப் பசையை உருட்டி, உள்பக்கமாக வைத்து, நன்றாக அழுத்தியிருந்தது. அழுத்திய விரலின் ரேகை அப்படியே இருந்தது.

மலைமேல் நாளெல்லாம் மழை. ஓட்டை வழியாகத் தண்ணீர் டேங்க்குக்குள் இறங்கும். இறங்கக் கூடாது என்று பொன்னரசன் அடைத்திருக்கிறான். வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவன் செய்கிற வேலைதான்.

சீனிமுத்து ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை அவன்கிட்டச் சொல்லக் கூடாது வாத்தியாரே."

அவள் டியூபை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், இதையும் கேட்டால் இன்றைக்கே ஏதாவது ஒரு மரத்தில் தொங்கிவிடுவான், கார்பரேட்டரில் தூசி என்று சொன்னால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று சீனிமுத்து சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நியாயமாகப் பட்டது. செத்தவள் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிறவனாவது இருக்கட்டும்.

"அவன் என்ன கேட்டான்?" என்றாள் பவுனுத்தாய்.

"ஏன் நின்னுச்சுன்னு."

"யார்கிட்டக் கேட்டான்?"

"என்கிட்டத்தான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க" என்று வண்டியை உதைத்தாள்.

பட்டறைக்கு வந்ததும் சீனிமுத்து பொன்னரசன் எதிரே குந்தினார். லாரிக்காரர் என்பதால் பொய் அவருக்குப் புதிதில்லை. எத்தனையோ செக்போஸ்ட்டில் சொல்லியிருக்கிறார். கார்பரேட்டரில் ஜெட் என்று ஒன்று இருக்கிறது, அதில் மயிரிழை மாதிரி ஒரு தூசி சிக்கியிருந்தது, மேட்டில் போகும்போது அது நகர்ந்து அடைத்துக்கொள்ளும், இதெல்லாம் யார் கையிலும் இல்லை, கடவுளே வந்தாலும் முன்கூட்டித் தெரியாது என்றார். சுத்தம் செய்தாயிற்று, இனி நிற்காது என்றும் சொன்னார். பொய்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது உண்மை.

பொன்னரசன் கடைசிவரை கேட்டான்.

"சரிங்கண்ணே" என்றான்.

எழுந்து ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.

"ஓட்டிக்கிட்டே போகலாம்பா."

"அடுத்த ஊர்ல ஒரு கடை இருக்காம்ணே. அங்கயும் கேட்டுப் பார்க்கிறேன்."

"அதான் சொல்லிட்டேனே."

"எல்லாரும் இதைத்தாண்ணே சொன்னாங்க."

பவுனுத்தாய் வந்து முன்சக்கரத்துக்கு எதிரே நின்றாள்.

"பொன்னரசு, நீ அடைச்சதுதான்" என்றாள். "மூடியில காத்துப் போற ஓட்டையை நீ அடைச்சிட்ட. காத்து உள்ள போகல. பெட்ரோல் கீழ வரல. அதான் வண்டி நின்னுச்சு."

சீனிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

பொன்னரசனின் கைகள் ஹேண்டில்பாரை விட்டன. சாய்ந்த வண்டியைப் பவுனுத்தாய் பிடித்தாள். அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"ஆமாக்கா" என்றான்.

பிறகு மீதியையும் சொன்னான்.

"உதைச்சு உதைச்சுப் பார்த்தேன், கிளம்பல. கடைசியில பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்தேன். உஸ்ஸுன்னுச்சு. அப்புறம் ரெண்டு உதைதான், கிளம்பிருச்சு. அவ முதுகுல சாஞ்சிருந்தா. அப்பவே கனமாயிட்டா. நான் அடைச்சதுதான்னு அப்பவே எனக்குத் தெரியும்."

சீனிமுத்து அவன் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுமாப்பா கடை கடையா அலைஞ்சே?"

"ரெண்டு கடையில மூடியைத் திருப்பிப் பார்த்தாங்கண்ணே. பார்த்துட்டு என் மூஞ்சியைப் பார்த்தாங்க. தூசின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஊர்ல விதின்னாங்க. அவளப் பெத்தவங்ககூட விதின்னுட்டாங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான்தான் காரணம்னு நான் ஒருத்தனே எத்தனை நாளைக்குண்ணே சொல்லிக்கிட்டிருக்கிறது?"

சீனிமுத்து பவுனுத்தாயைப் பார்த்தார். அவள் வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அவர் மெல்ல வந்து, பொன்னரசன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அவன் தோளில் கை போட்டார்.

"நீதாம்பா" என்றார்.