பாதி வழியில் வைத்த பெட்டி

"எங்க வீட்டுல நெட்டு முன் ரூம் வரைக்கும் வருதுங்க. அதுக்கு மேல உள்ள வரமாட்டேங்குது."

பல்லடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காதில் விழுந்த பேச்சு இது. வெட்கப்படும் புது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல வருத்தமாகச் சொன்னவர் நாச்சிமுத்து. அவர் பின்னால் தம்பிகள் சென்னியப்பனும் குமரேசனும் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே தங்கை மேகலாவுக்குத் திங்கட்கிழமை காலை வீடியோவில் வேலைக்கான இன்டர்வியூ. படித்து முடித்து இத்தனை காலம் கழித்து வந்த முதல் அழைப்பு. ரவுட்டர் இருக்கும் முன் அறையில் விசைத்தறிகள் ஓடும். அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. அமைதியான கடைசி அறையில் நெட் கிடையாது. கொஞ்ச நேரம் தறியை நிறுத்தலாமே என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"தறிய நிறுத்தறதா? அப்பா செத்தன்னைக்கே நிறுத்தலையே!" என்றார் நாச்சிமுத்து.

கடைக்காரர் வழி சொன்னார். "இன்னொரு ரவுட்டர் வாங்கிப் பாதி வழியில வைங்க. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வைங்க. பாஸ்வேர்டை மட்டும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

வீட்டுக்கு வந்து கயிறு பிடித்து அளந்தார்கள். பாதி வழி குளியலறைக்குள் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி வெளிய வைக்கலாமில்லண்ணா?" என்றாள் மேகலா.

"தள்ளி வெச்சா அது எப்படிக் கண்ணு பாதி வழியாகும்?"

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் பெட்டியை வைத்து, மேலே குடையை விரித்துக் கட்டினார்கள். திங்கட்கிழமை வரை வீட்டில் யாரும் குளிக்கக் கூடாது என்று முடிவானது. சென்னியப்பனுக்கு இதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்து பெயர்.

"பழைய பெட்டி பேரு என்ன?"

"யாருக்குத் தெரியும்? பேரு வெக்கறதுக்கு, வரும்போதே பெரிசாத்தான இருந்துச்சு."

"ரெண்டுக்கும் புதுசா வெச்சிரலாம். ஆனா காதுல மூணு தரம் சொல்லோணுமே. இதுக்குக் காது எங்க?"

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. நல்லது என்று நாச்சிமுத்து குனிந்து, குலதெய்வத்தின் பெயரை அதற்குள் மூன்று தரம் சொன்னார். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதை மட்டும் குமரேசன் தடுத்துவிட்டான். கரண்டில் ஓடும் பொருளாம். அந்த வீட்டு ஆண்களில் புத்திசாலி அவன்தான்.

பெட்டியின் காதில் பாஸ்வேர்டு சொல்லும் நேரம் வந்ததும் எல்லாரையும் வெளியே துரத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் நாச்சிமுத்து.

"என்ன பாஸ்வேர்டுண்ணா?" என்று கேட்டாள் மேகலா.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னிருக்காரு."

"நான் உங்க தங்கச்சிண்ணா!"

"தங்கச்சியத் தவிரன்னு அவரு சொல்லலையே."

கடைசி அறைக்கு நெட் வரவில்லை. "ஒண்டியா இருந்து பயந்துக்குதாட்ட இருக்குது" என்றான் சென்னியப்பன். துணைக்கு இன்னொரு பெட்டி வாங்கி வந்து வாளிமேல் வைத்தார்கள். அப்போதும் வரவில்லை.

திங்கட்கிழமை மேகலா யாரையும் எதுவும் கேட்கவில்லை. தறிகளைத் தானே போய் நிறுத்தினாள். முன் அறையில் பழைய ரவுட்டருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். போனில் மூன்று முகங்கள் பளிச்சென்று வந்தன. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர்.

தறிச் சத்தம் நின்றதால் பதறி ஓடிவந்த அண்ணன்மார் வாசற்படியிலேயே நின்றார்கள்.

"பாருண்ணா, பெட்டிக்குப் பக்கத்துல நல்லா எடுக்குது" என்று கிசுகிசுத்தான் சென்னியப்பன்.

குமரேசன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "அப்ப இந்தப் பெட்டியவே கடைசி ரூம்புல வெச்சா அங்கயும் எடுக்குமில்ல?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தன நாளா இது தோணலையேடா!" நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புள்ள எதுக்கு இந்தப் பஞ்சுத் தூசிக்குள்ள உக்காந்து பேசோணும்?"

மேகலா தன் படிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள். குமரேசன் அவளுக்குத் தொந்தரவு ஆகாமல் நுனிக்காலில் நடந்து வந்து, ரவுட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை நெஞ்சோடு அணைத்துக் கடைசி அறைக்கு எடுத்துப் போனான்.