உள்பக்கம் இல்லாத சால்வை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் எங்கள் தெருவில் சலவைக் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து. கதையில் வரும் மாசானம் அவருடைய தாத்தா. ஊருக்கெல்லாம் துணி வெளுத்தவர்.

ஆற்றோரத்தில் மாசானத்தின் குடிசை இருந்த இடம் பண்ணையாருக்கு வேண்டியிருந்தது. ஒரு கல்யாணப் பந்தலில், மாசானம் வெளுத்துத் தந்த புதுச் சால்வையைத் தோளில் போட்டபடி பண்ணையார் அவரைக் கூப்பிட்டார்.

"ஏலே, சால்வைய உள்பக்கம் வெளிய தெரிய மடிச்சுத் தந்திருக்க. நீ போட்ட குறியப் பாத்து சம்பந்தி வீடே சிரிக்கி. தப்பு உன்மேல இல்லன்னு இப்பவே காட்டு. இல்லன்னா பொழுது சாயுமுன்ன குடிசையக் காலி பண்ணிரு."

யார் வீட்டுத் துணி என்று தெரிய, உள்பக்கத்தில் மட்டும் சேங்கொட்டை மையால் குறி போடுவது வெளுப்பவர்களின் வழக்கம்.

"அந்தக் குறி எங்க இருக்கு, எசமான்?" என்று கேட்டார் மாசானம்.

பண்ணையார் சால்வையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். எந்தப் பக்கமும் குறி இல்லை.

"இது இருமுகம், எசமான். ரெண்டு பக்கமும் ஒரே நெசவு, எப்படிப் போத்தினாலும் வெளிப்பக்கந்தான். உள்பக்கமே இல்லாத துணியில நான் எங்க குறி போட? குஞ்சத்துல ஒரு முடிச்சு போட்டேன், அவ்வளவுதான்."

பந்தலே சிரித்ததாம். சுடலைமுத்துவும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன், பந்தலில் இருந்தவர்களைப் போலவே.

போன வாரம்தான் கேட்டேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க, சரி. அந்தக் குடிசை இடத்துல இப்ப யாரு இருக்கா, அண்ணாச்சி?"

"பண்ணையாரோட பேரன்தான்," என்றபடி அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.