சென்னியப்பன் வீட்டு வாசலில் கொக்கோ வரிசை

ஆனைமலைக்குப் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கொழுஞ்சிப்பாளையம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே போக ஆசையிருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் ஊர்க்காரர் யாரிடமும் வழி மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், பாவம், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உங்கள் கூடவே வந்து, உங்களோடு சேர்ந்து அவர்களும் தொலைந்துபோவார்கள். அவ்வளவு தங்கமான மனுசர்கள்.

ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு. ஒரு தடவை தோட்டக்கலை ஆபீசர் ஒருத்தர் வந்து, "தென்னைக்கு அடியில சும்மா கெடக்கிற எடத்துல கொக்கோ வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் தென்னையின் வேரைத் தோண்டி, அதற்கும் அடியில் நாற்றை வைத்து மூடினார்கள். ஆபீசர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "அட, மேல வைங்கய்யா" என்றார். நாற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டார்கள். மறுபடியும் வந்தவர் வாயையே திறக்கவில்லை. தானே குழி வெட்டி, தானே நட்டுக் காட்டிவிட்டுப் போனார். அந்த ஊரில் இன்றைக்குக் கொக்கோ காய்க்கிறது என்றால் அந்த மனுசன் வாய் திறக்காததுதான் காரணம்.

இந்த ஊர்ச் சென்னியப்பனுக்குத்தான் வந்தது வம்பு. அவன் வீட்டுச் சமையல்கட்டுக் கூரையைக் குரங்குகள் பிரித்து மேய்ந்துவிட்டன. மழை பெய்தால் அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகச் சமைப்பாள். ரசம் வைத்தால் நேரம் ஆக ஆகப் பெருகும்.

"கொக்கோவை வித்து ஓடு போட்டறலாம் அம்மிணி" என்று சென்னியப்பன் சொல்லிக்கொண்டே இருந்தான். அப்போது கொக்கோ விலை தென்னை உயரத்துக்கு ஏறியிருந்தது. வியாபாரி காசிம் பாய் வீடு தேடி வந்து, இப்பவே குடுத்துருங்க என்று கெஞ்சினார். சென்னியப்பனா கேட்பான்? "இத்தனை சிரமப்பட்டு ஏறுனது எதுக்குங்க எறங்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு, மூட்டை மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். விலை இறங்கிவிட்டது.

மயிலாத்தாள் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள். "உடுமலைக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். கூரை போட்டாத்தான் இந்த ஊட்டுக்குள்ள காலு வெப்பேன்" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன பிறகு சென்னியப்பன் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோறு வெந்ததா என்று பார்க்க ஆளில்லை, ஏன் வேகவில்லை என்று திட்டவும் ஆளில்லை. திட்டு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையிலேயே அழுதான்.

அப்படி இருக்கையில் காசிம் பாயின் டெம்போ ஊருக்குள் வந்தது. பால் சொசைட்டி வாசலில் நிறுத்தி, அவர் சொன்ன விலையைக் கேட்டு ஊரே டெம்போவைச் சூழ்ந்துகொண்டது.

"ஏனுங் பாய், இப்புடிக் கொறைச்சுப் போட்டீங்களே?" என்றான் சென்னியப்பன்.

"நானா கொறைச்சேன்? விலைய லண்டன்ல, நியூயார்க்குல வெக்கிறாங்க" என்று காசிம் பாய் போனை எடுத்துக் காட்டினார். திரையில் ஒரு சிவப்புக் கோடு மலையிலிருந்து சறுக்கி விழுந்த மாதிரி கிடந்தது.

ஊருக்கு மூத்தவரான குப்பண்ணன் போனை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "தலைகீழாப் புடிச்சாலும் எறங்கத்தான் செய்யுது" என்றார் கவலையோடு.

"சாச்சுப் புடிங்கண்ணா, ஏறும்" என்றான் பக்கத்தில் நின்ற ஆறுக்குட்டி. சாய்த்துப் பிடித்தார்கள். போன் தானாகவே கோட்டைத் திருப்பி நேராக்கிக்கொண்டது. மறுபடியும் இறக்கம்.

"உசாரான போனு" என்றார் குப்பண்ணன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

காசிம் பாய் பொறுமைசாலி. டெம்போ படியில் உட்கார்ந்து விளக்கினார். "உலகத்துக் கொக்கோவுல பாதிக்கு மேல ஆப்பிரிக்காவுல வெளையுது. அங்க மழை ஏறுக்கு மாறாப் பேஞ்சு, காய்க்கு நோவு வந்து, சரக்கு கொறைஞ்சு போச்சு. சாக்லேட் கம்பெனிக்காரங்க அடிச்சுப் புடிச்சு வாங்குனாங்க, விலை ஏறுச்சு. ஏறவும் சாக்லேட்டச் சின்னதாக்கிட்டாங்க, ஜனமும் திங்கிறதக் கொறைச்சிருச்சு. இப்ப அங்க வெளைச்சலும் தேறிருச்சு. அப்புறம் விலை எப்புடி நிக்கும்?"

"மறுபடி ஏற என்னதாங்க பண்றது?" என்றான் சென்னியப்பன்.

"என்ன பண்றது, சரக்கு கண்ணுல படக் கூடாது. வாங்குறதுக்கு ஆளுக லைன்ல நிக்கோணும். அப்ப ஏறும்." சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, "காஞ்ச கொட்டைய மட்டும் நனைய விட்டுராதீங்க, பூசணம் புடிச்சா நாயும் மோந்து பாக்காது" என்று டெம்போவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார் அந்த நல்ல மனுசன். என்ன வேலை செய்துவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது.

"சரக்கு கண்ணுல படக் கூடாதுன்னா, ஆளாளுக்குக் கண்ணக் கட்டிக்கலாமா?" என்றான் ஆறுக்குட்டி.

குப்பண்ணன் துண்டால் கண்ணைக் கட்டிப் பார்த்தார். "கட்டிக்கலாம். ஆனாக் கண்ணு கட்டுன பொறவு சரக்கு தெரியலையான்னு யாரு பாத்துச் சொல்லுவா?"

அதனால் கண்ணைக் கட்டுகிற யோசனையைக் கைவிட்டார்கள். கடைசியில், எல்லா மூட்டையையும் ஒரே இடத்தில் ஒளித்து வைப்பது என்று முடிவானது. எந்த வீட்டில்? எந்த வீட்டிலும் பெண்கள் விடமாட்டார்கள். பெண்ணில்லாத வீடு சென்னியப்பன் வீடு ஒன்றுதான்.

"அடுப்பெரியாத சமையல்கட்டு சும்மாத்தானே கெடக்குது, அங்கயே அடுக்குங்க" என்றான் சென்னியப்பன். அடுக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் மேலே பளிச்சென்று வானம். "லைட்டுப் போடாமயே எவ்வளவு வெளிச்சம்!" என்று மெச்சிக்கொண்டே கதவைப் பூட்டி, சாவியைச் சென்னியப்பன் இடுப்பில் முடிந்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஊரில் கொக்கோ பஞ்சம். எதிரில் வருகிறவரை நிறுத்தி, "உங்க ஊட்டுல கொக்கோ இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். "ஒரு கொட்டை கூட இல்லீங்" என்பார் அவர். இரண்டு பேருக்கும் சந்தோசம் தாங்காது.

கொஞ்ச நாளில் சந்தோசம் பயமாக மாறியது. ஆறுக்குட்டி வேர்த்து விறுவிறுத்துப் பால் சொசைட்டிக்கு ஓடிவந்தான்.

"அண்ணா, ஊரு முச்சூடும் கேட்டுப் பாத்துட்டேன். எந்த ஊட்டுலயும் கொக்கோ இல்ல! எங்கூட்டுலயே இல்லீங்!"

"ஐயோ, என்றூட்டுலயும் இல்லையே" என்று குப்பண்ணன் எழுந்து நின்றார். "யாருகிட்டத்தான் இருக்குது?"

"சென்னியப்பன் ஊட்டுல கூரை முட்ட இருக்குதாமா."

பிறகென்ன? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரே சென்னியப்பன் வாசலில் வந்து வரிசை கட்டி நின்றது. முதல் ஆளாக ஆறுக்குட்டி. ஒரு மூட்டைக்கு ஒரு முட்டைக் கோழி தருவதாகச் சொன்னான். அடுத்து நின்ற குப்பண்ணன் கிடாய் தருவதாகச் சொன்னார். மூன்றாவது ஆள் கறவை மாட்டை அவிழ்த்தே கொண்டுவந்துவிட்டான். பொழுது சாய்வதற்குள் விலை எருமைக்குப் போய், எருமையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சென்னியப்பன் உள்ளே இருந்து ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தான். 'ஊரே வாங்கறதுக்கு நிக்குது, நான் ஒருத்தன் வாங்காம உட்கார்ந்திருக்கறனே! இதுக்குத்தான் மயிலாத்தா என்னைய மண்ணுன்னு திட்டுவா' என்று நினைத்தான். வெளியே வந்தான். கூட்டம் உள்ளே புகுந்துவிடக் கூடாதே என்று வீட்டை நன்றாகப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். நேரே போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டான்.

வரிசை நகரவில்லை.

"என்ன இப்புடிக் காக்க வெக்கிறான்? விக்கிறவன் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று முன்னால் நின்றவன் கத்தினான்.

"பொறுப்பில்லாத பய" என்றான் சென்னியப்பன். நிஜமாகவே அவனுக்குக் கோபம்.

விடிந்தும் வரிசை அப்படியே நின்றது. அப்போது காசிம் பாயின் டெம்போ புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. "ஆப்பிரிக்காவுல மறுபடியும் மழைக் கோளாறாம், விலை எகிறிருச்சு! இன்னிக்கே எடை போடுங்க, பொழுதோட எறங்குனாலும் எறங்கிரும்" என்று கத்திக்கொண்டே இறங்கினார். பூட்டிய வீட்டைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். ஊர்ச் சரக்கு மொத்தமும் உள்ளே சமையல்கட்டில்தான் என்று முன்னால் நின்றவர்கள் சொன்னார்கள். கடைசியில் நின்ற சென்னியப்பனைப் பார்த்தார்.

"சென்னியப்பா, வாங்க, கதவத் தொறங்க. ஓடு போட்டு மிச்சமாகிற அளவுக்கு வெலை கெடைக்கும்."

ஓடு என்றதும் சென்னியப்பனுக்கு மயிலாத்தாள் முகம் கண்முன்னால் வந்து கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "நான் போனா என்ற எடத்த வேற எவனாச்சும் புடிச்சுக்குவானுங் பாய்."

"சாமி! நீங்க விக்கிறவருங்க! சாவி உங்க இடுப்புலதான தொங்குது?"

"தொங்குது. அதுக்காக ராவெல்லாம் நிக்கிற ஆளுகளத் தாண்டிக்கிட்டு முன்னால போறதா? நாயம் வேண்டாமுங்களா?"

"பாய், நீங்களும் பின்னால போய் நில்லுங்க" என்றார் குப்பண்ணன், மரியாதையாகத்தான்.

காசிம் பாய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கையில், ரோட்டுப் பக்கமிருந்து பெரிய ஒப்பாரிச் சத்தம் கேட்டது. மயிலாத்தாள்! சென்னியப்பன் வீட்டு வாசலில் ஊரே கூடி நிற்கிறது என்று உடுமலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் ஊரே கூடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்களே, சாமீ! ஓட்டையா இருந்தாலும் உங்களோடவே நனைஞ்சுக்கிட்டுக் கெடந்திருப்பேனே!"

"நான் எங்க அம்மிணி போனேன்? இங்கதான நிக்கிறேன்" என்று வரிசையின் கடைசியிலிருந்து சென்னியப்பன் எட்டிப் பார்த்தான்.

மயிலாத்தாள் அவனைத் தொட்டுப் பார்த்தாள். உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்ததும் முதுகில் நாலு அறை வைத்தாள். அப்புறம் அவன் தோளில் சாய்ந்து விசும்பி விசும்பி அழுதாள். திட்டவும் திட்டினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சென்னியப்பனுக்குப் பசித்தது.

"அம்மிணி, நீங்களாச்சும் போய்க் கதவத் தொறங்க" என்று காசிம் பாய் கும்பிட்டார். மயிலாத்தாள் விவரமானவள். விசயத்தைக் கேட்டதும் புருசன் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். வரிசையைப் பிளந்துகொண்டு விறுவிறுவென்று போய்ப் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளினாள். அல்லாவே, தப்பிச்சோம் என்று பாய் பெருமூச்சு விட்டார்.

அவள் படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"கூரை போடாம உள்ள காலு வெக்க மாட்டேன்னு சொல்லியிருக்கறனே" என்றாள். கதவை மறுபடி பூட்டினாள். திரும்பி வந்து, புருசனுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டாள்.

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நஞ்ச மழையில்லை, மலையே கரைந்து வருகிற மாதிரி. காசிம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு அலறினார். "அடப் பாவிகளா, உள்ள அத்தனை கொட்டையும் நனையுதே! ஒரு மூட்டை கூடத் தேறாதே!"

"தேறாதா?" குப்பண்ணன் முகம் மலர்ந்தது. "சரக்கு கொறையுதப்பா! ஒருத்தரும் லைனை விட்டு அசையாதீங்க!"

ஊரே கை தட்டியது. மயிலாத்தாள் வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தலையிலிருந்து தண்ணீர் வழிய வழிய நின்ற சென்னியப்பன் அவள் காதோரம் குனிந்து சொன்னான்:

"இன்னொரு நாளைக்கு மட்டும் இப்புடியே பேஞ்சுதுன்னா அம்மிணி, சமையல்கட்டு என்ன சமையல்கட்டு, ஊடு பூராவுமே புது ஓடு போட்டறலாம்."