மூச்சைப் பிடிக்காத பிள்ளை

மூன்றாவது முறையும் படம் கலங்கிப்போனது. டாக்டர் நாச்சியப்பன் படிவத்தில் எழுதினார்: ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை.’

பிள்ளைகளின் நுரையீரலை எம்.ஆர்.ஐ.யில் படமெடுக்க நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். கற்றுத்தருபவள் எஸ்தர். அவரைவிடப் பத்து வயது இளையவள். டாக்டர் இல்லை, கருவியை இயக்குபவள்.

குழலுக்குள் எட்டு வயது தஸ்லீமா. மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது ஒரு படம், விட்டபின் ஒரு படம். இரண்டையும் ஒப்பிட்டால் காற்று எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இடது நுரையீரலின் அடிக்குக் காற்றே போகவில்லையென்றால், வியாழக்கிழமை அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள்.

போன் அடித்தது. அறுவை மருத்துவர்.

“இன்னுமா? மயக்கம் கொடுத்து எடுங்க.”

“முடியாது சார்,” என்றாள் எஸ்தர். “மயக்கத்துல நல்ல நுரையீரலோட அடியும் சுருங்கும். அதைப் பாத்துட்டு நீங்க வெட்டுவீங்க.”

“யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?”

“நல்லாத் தெரியுது சார்.” வைத்துவிட்டாள்.

நாச்சியப்பன் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

“மேடம், அடங்காத பிள்ளையை எப்படித்தான் அடக்குறது?”

எஸ்தர் எழுந்து உள்ளே போனாள். தஸ்லீமாவை வெளியே கூட்டிவந்து மைக்கின் முன்னால் உட்காரவைத்தாள்.

“வாட்ச், பெல்ட் எல்லாம் கழட்டுங்க டாக்டர். நீங்க படுங்க.”

படுத்தார். குழல் மூக்கை இடிப்பதுபோல் இருந்தது. தடதடவென்று சத்தம்.

“மூச்ச இழுங்க... பிடிங்க! விடக்கூடாது!” மைக்கில் தஸ்லீமா அதட்டினாள்.

ஏழாவது நொடியில் அவர் இருமினார்.

குழலுக்குள்ளிருக்கும் கேமராவின் திரையில் பார்த்துக்கொண்டிருந்த தஸ்லீமா கத்தினாள்: “அங்கிள் கள்ளாட்டம்! கன்னத்த உப்பிக்கிட்டாரு. நெஞ்சுல காத்தே இல்ல!”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் எஸ்தர்.

“நானும் அப்படித்தான செஞ்சேன்.”

“ஏன்?”

“பிடி, பிடின்னு கத்துனீங்க. எவ்வளவு நேரம்னு ஒருத்தரும் சொல்லல.”

நாச்சியப்பன் எழுந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“இப்ப நான் படுக்குறேன்,” என்றாள் தஸ்லீமா. “அங்கிளும் என்கூடப் பிடிக்கணும். ஒவ்வொரு விரலா மடக்கணும். எனக்குத் தெரியணும்.”

எஸ்தர் அவள் கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தினாள். அதில் தெரியும்படி டாக்டர் கட்டுப்பாட்டு அறை ஜன்னலோரம் நின்று மூச்சைப் பிடித்தார். பத்து விரலும் மடங்கின. அவள் விடவில்லை. இந்த முறை அவரும் விடவில்லை.

படம் வந்தது. இடது அடியில் மங்கல்தான். ஆனால் அங்கேயும் காற்று போய்ச் சேர்ந்திருந்தது.

போன் மறுபடி அடித்தது. எஸ்தர் எடுக்கவில்லை.

நாச்சியப்பன் படிவத்தை இழுத்து, எழுதியிருந்த வரியை அடிக்கப் போனார். எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வரி அப்படியே இருக்கட்டும் டாக்டர். ‘குழந்தை’யை மட்டும் அடிங்க. அந்த இடத்துல நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க.”