ராஜா வைத்த சமபந்தி

மருதக்கோட்டையில் சமபந்தி கெட்டுப்போனது. கெடுத்தவன் ராஜா திருமல்லன். எதிர்த்துக் கெடுக்கவில்லை, ஆதரித்துக் கெடுத்தான்.

பஞ்ச காலம். கந்தல் சாமி என்றொரு பரதேசி வந்தார். "வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து ஒரே பானையில் போடுங்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்னுங்கள். பெரியவனும் இல்லை, சின்னவனும் இல்லை" என்றார். ஊர் பசியாறியது.

ராஜாவுக்கு வயிறு எரிந்தது. "உடையுங்கள் அந்தப் பானையை!"

"உடைத்தால் ஊருக்கு ஊர் பானை முளைக்கும், மகாராஜா," என்றார் மந்திரி. "நம்முடையதாக்கி உள்ளே வைத்துக்கொள்வோம்."

அதுதானே வழக்கம்! புதிதாக எது முளைத்தாலும் முதலில் அடி. அடி செல்லாவிட்டால் மாலை.

பந்தி அரண்மனைக்கு வந்தது. 'திருமல்லன் சமபந்தி' என்று முரசறைந்தார்கள். சாமிக்குப் பட்டு, பல்லக்கு, 'பந்தி நாயகம்' என்று பட்டம். மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஊரார் தானியம் மட்டும் பழையபடி பானைக்கு வந்தது. வரிசையும் ஒன்றுதான், பொய் சொல்லக் கூடாது. ராஜாவிடம் தொடங்கும், கோட்டை வாசலுக்கு வெளியே முடியும். தலைப்பக்கம் நெய், பாயசம். வால்பக்கம் போவதற்குள் பானை காலி.

ஒருநாள் வாசலிலிருந்து விறகுக்காரி ஒச்சாயி வெறும் இலையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள். "ஏ சாமி! நேத்தும் பிள்ளைக்கு இலையைத்தான் காட்டினேன். இன்னிக்கும் அதேதானா?"

சாமி பாயசத்தைப் பார்த்துக்கொண்டார்.

"கட்டுங்கடா அவளை!" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அம்மாள் பக்கத்தில் நின்றாள். ராஜா கவளத்தை எடுக்கும் நேரம் குறுக்கிட்டாள்.

"ஒரு சந்தேகம், மகாராஜா. இந்த விருந்தை வைப்பது யார்? கந்தல் சாமிதானே?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு இது! நான் வைக்கிற விருந்து. ஊரே கேட்க முரசறைந்திருக்கிறது!"

"எங்களுக்கும் அதில் பங்குண்டு," என்று முந்திக்கொண்டார் மந்திரி. தளபதியும் தலையாட்டினார். சாமிகூட வாய் திறந்தார். "ஆரம்பித்ததே நான்தானே!"

"நல்லது. எல்லாரும் இலையை விட்டு எழுந்திருங்கள்."

"என்னது?"

"விருந்தாளி வாசலில் வெறும் இலையோடு இருக்கிறாள். விருந்து வைத்தவர் முதலில் சாப்பிடுகிற வீடு எந்த ஊரில் உண்டு, மகாராஜா? வந்தவர்கள் கை கழுவிய பிறகல்லவா வீட்டுக்காரர் இலை போடுவார்!"

ராஜா கவளத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். விருந்து என்னுடையதல்ல என்றால் முரசு பொய். என்னுடையது என்றால் பட்டினி. சிரித்தான், வேறு என்ன செய்வான்? "எழுந்திரும் மந்திரி. வாளியைத் தூக்கும்."

ஒச்சாயியின் பிள்ளைக்குப் பாயசம் ஊற்றியவர் மந்திரிதான். "என்ன ஐயா, சொட்டுச் சொட்டா ஊத்துறீங்க? தாராளமா ஊத்துங்க, உங்க வீட்டு விருந்தாச்சே!" என்றாள் அவள்.

ராஜா தன் கணையாழியைக் கழற்றி அம்மாளுக்குக் கொடுத்தான். அரண்மனைப் புலவர்கள் இதையும் ராஜாவின் கருணை என்றே பாடி வைத்தார்கள். பாடட்டும். செய்தது வெற்றிலை மடித்த வடிவாம்பாள்.