பகைவனின் தம்பி

சொற்களுக்குக் கால் முளைத்திருந்த காலம் அது. சொற்களுக்கும் சொந்தபந்தம் உண்டு, பங்காளிக் காய்ச்சல் உண்டு. மனிதர் வாயிலேயே கிடந்து வளர்ந்தவை அல்லவா!

ஜெர்மன் மொழியில் காஸ்ட் என்றொரு சொல் இருந்தான். விருந்தாளி என்று பொருள். எந்த வீட்டுக் கதவும் அவனுக்குத் திறக்கும்; கொடுத்து வைத்தவன். ஒரே ஒரு குறை, சிறு வயதிலேயே லத்தீன் மொழிக்குப் போய்விட்ட அண்ணன் ஹோஸ்டிஸை அவன் பார்த்ததில்லை. எப்படியாவது வீட்டுக்கு அழைத்து வருவது என்று கிளம்பினான்.

ரஷ்ய மொழியில் இருந்த சின்ன அண்ணன் கோஸ்த்திடம் வழி கேட்டான். அவனுக்கும் பொருள் விருந்தாளிதான். ஊர் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் நீட்டிவிட்டு, "அங்கே போகாதே தம்பி" என்றான்.

"ஏன்? நாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே?"

"அதுதான் பயமாயிருக்கிறது."

லத்தீன் பட்டணத்தில் ஈ காக்கை இல்லை. அந்த மொழி பேசிய வாய்கள் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பூட்டிய கோட்டைக் கதவுக்கு வெளியே ஒருவன் ஈட்டியோடு நின்றான். காஸ்ட் கிட்டே போய் உற்றுப் பார்த்தான். அச்சு அசல் தன் முகம்.

"அண்ணா, உனக்கு என்ன பொருள்?"

"பகைவன்."

"யாரைக் கொன்றாய்?"

"யாரையும் இல்லை. வாசலுக்கு வந்த அந்நியன், அவ்வளவுதான் நான். ரொட்டி கூடப் போட்டார்கள். அப்புறம் போர் வந்தது, உள்ளே இருந்தவர்களுக்குப் பயம் வந்தது. நான் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை, தம்பி."

காஸ்ட்டுக்கு அழுகை வந்தது. "வா, எங்கள் ஊருக்கு. நான் சொன்னால் திறப்பார்கள்" என்றான். ஹோஸ்டிஸ் ஈட்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தான்.

காஸ்ட்டுக்கு எப்போதும் சூப் ஊற்றித் தரும் ஹெல்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவள் திறந்தாள். ஒரு முகத்தைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், மறுபடி முதல் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"உங்களில் யார் காஸ்ட்?"

"நான்தான் அம்மா. இவன் என் அண்ணன். நாங்கள் இருவருமே விருந்தாளிகள்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது:

"அதை உள்ளே இருக்கிற நாங்கள்தானே சொல்ல வேண்டும்?"